ஜோப் லிட்டில்வுட்டுக்குச் சாதி தேடியவர்கள்

சுகந்தினி இங்கிலாந்துக்குப் போனதே இல்லை. ஆனால் லங்காஷயர் பக்கத்து ஆலை நகரம் ஒன்றில், நூற்றைம்பது வருடங்களுக்கு முன் எந்தத் தெருவில் யார் வீட்டுக்கு அடுத்து யார் குடியிருந்தார்கள் என்று கேட்டால், நியூசிலாந்தில், ஆக்லாந்தின் பென்ரோஸ் பகுதியில் தான் வேலை செய்யும் கிடங்குக்கு அடுத்த கட்டடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைவிடத் தெளிவாகச் சொல்வார்.

வயது ஐம்பத்துநான்கு. பிறந்த ஊர் யாழ்ப்பாணம், வீடு ஆக்லாந்தின் பாபடோயிட்டோயில். மருத்துவப் பொருட்கள் வைக்கும் கிடங்கில் திரும்பி வருகிற பெட்டிகளைச் சரிபார்ப்பது தொழில். சனிக்கிழமையானால் நூலகத்தின் வம்சாவளிப் பகுதி. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி, தன் தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று கணினியில் தேடித் தரச் சொன்னதில் இது தொடங்கியது. கப்பல் கிடைத்தது. தாத்தாவுக்கு இரண்டு மனைவிகள் என்பதும் கூடவே கிடைத்தது. பெண்மணி ஒரு வாரம் பேசவில்லை. அடுத்த வாரம் ஒரு வாளி ஃபீஜோவாப் பழத்தோடு வந்து, இரண்டாவது மனைவியின் பிள்ளைகளையும் கண்டுபிடிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு சுகந்தினி பல ஆங்கிலக் குடும்பங்களுக்கு வேர் தேடிக் கொடுத்துவிட்டார். கூலி வாங்குவதில்லை. எலுமிச்சையும் மார்மலேடும் வரும்.

இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்பதில் அவருக்கு மயக்கம் கிடையாது. யாழ்ப்பாணத்தார் இருவர் முதல்முறை சந்தித்தால் ஒரு விசாரணை நடக்கும். "நீங்கள் எந்தப் பக்கம்?" "கோயிலடியோ, சந்தைப் பக்கமோ?" "அங்க ஆற்றை ஆக்கள்?", அதாவது யாருடைய சொந்தம். மூன்றாவது பதிலில் எதிரே நிற்பவரின் சாதி கையில் விழுந்துவிடும். சாதி என்ற சொல்லை இருவருமே உச்சரித்திருக்க மாட்டார்கள். நேரே கேட்பது மரியாதைக் குறைவு. மோப்பம் பிடிப்பது பண்பாடு.

"எங்கட வீட்டில டெலிபோன் வந்தால் அம்மா முதல்ல உந்தக் கேள்வியளைத்தான் கேப்பா. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் வளந்தது," என்றார் சுகந்தினி. "நாத்தம் பிடிச்ச பழக்கம். ஆனா செத்த வெள்ளைக்காரரில அதைப் பாவிச்சால் ஆருக்கு என்ன நட்டம் எண்டு நினைச்சன்."

நட்டம் போன வருடக் குளிர்காலத்தில், ஒரு பெட்டி மரக்கறி ரோல்ஸோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டியது. வந்தவர் தியாகலிங்கம். ஓய்வுபெற்ற கணக்காளர், கோயில் நிர்வாக சபையில் இருப்பவர். மகள் லோஜனா இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பிசியோதெரபிஸ்ட்.

"தங்கச்சி, லோஜிக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. பெடியன் வெள்ளை."

"தெரியும் அண்ணை. டேனியல். நல்ல பெடியன் எண்டு கேள்வி."

"நல்ல பெடியன்தான், ஆர் இல்லையெண்டது? பள்ளிக்கூட வாத்தி. நீர் ஒரு உதவி செய்யோணும். அவையின்ர பரம்பரையை எடுத்து ஒரு மரமா வரைஞ்சு தாரும். கலியாணப் பரிசாக் குடுப்பம். அவைக்கும் சந்தோசம்."

"எத்தினை தலைமுறைக்கு?"

"போகக்கூடிய அளவுக்குப் போம்."

சந்தேகம் வரவில்லையா என்று சுகந்தினியிடம் கேட்டேன். "வந்தது. ஆனா வெள்ளைக்காரன்தானே, அவனில என்னத்தை மோப்பம் பிடிக்கிறது எண்டு விட்டிட்டன்."

டேனியலின் பெற்றோர் கிரகம் லிட்டில்வுட்டும் ஷெரிலும், ஆக்லாந்தின் வடமேற்கே மாசி என்ற புறநகரில் இருக்கிறார்கள். சுகந்தினி விஷயத்தைச் சொன்னதும் ஷெரில் கேக் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சமையலறை மேசையில் பழைய படங்களைப் பரப்பினார். கிரகமின் தகப்பன் உயிரோடு இருந்தவரை வாயில் எடுக்கவே விடாத ஒரு பெயர் குடும்பத்தில் உண்டு என்றார். ஹன்னா. யார், என்ன செய்தாள், ஏன் அந்தப் பெயர் கூடாது, எதுவும் தெரியாது. "கண்டுபிடித்தால் என்னிடம் சொல்லுங்கள். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது," என்றார். ஒரு புதிய ஆளிடம் இதைச் சொல்ல அவருக்குத் தயக்கமே இல்லை. சுகந்தினியை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

ஹன்னா கிடைத்தாள். கலியாணமாகாமல் ஒரு மகனைப் பெற்று, வீடு வீடாக உடுப்பு வாங்கித் தோய்த்துக் கொடுத்து வளர்த்தவள். லிட்டில்வுட் என்ற குடும்பப் பெயரே அவள் வழியாகத்தான் இறங்கியிருந்தது. அதைக் கேட்டு ஷெரில் தொலைபேசியிலேயே அழுதார்.

இங்கிலாந்துப் பதிவுகளில் ஒரு வழக்கம் உண்டு. கலியாணம் பதிந்தால் பெண், மாப்பிள்ளை இருவரின் தகப்பன்மார் பெயரையும் எழுதி, பக்கத்தில் அவர்களுடைய தொழிலையும் எழுதுவார்கள். வேர் தேடுகிறவர்களுக்கு அதுதான் படிக்கட்டு. தகப்பனின் தொழிலைப் பிடித்தால் தகப்பனின் வீட்டைப் பிடிக்கலாம். சுகந்தினிக்கு அந்தத் தொழில்கள்தான் ருசி. மரத்தில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே அழகான எழுத்தில் தொழிலை எழுதினார். ஏழு தலைமுறை. அடியில் மலம் அள்ளும் வண்டி, உச்சியில் பள்ளிக்கூட வாத்தியார். இதைவிட நல்ல கலியாணப் பரிசு இருக்க முடியாது என்று நம்பி, அதைச் சுருட்டிக்கொண்டு தியாகலிங்கம் வீட்டுக்குப் போனார்.

லோஜனா வேலைக்குப் போயிருந்தாள். ஹாலில் தியாகலிங்கமும் மனைவி உஷாவும் இருந்தார்கள். மேசை மேல் தொலைபேசியில், ஸ்பீக்கரில், டொராண்டோவில் இருக்கும் தமையன் குமாரசாமி. அவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர். பரிசைப் பார்க்கத் தமையன் எதற்கு என்று சுகந்தினிக்கு அப்போதே உறுத்தியது.

"வாசி தம்பி," என்றது தொலைபேசி. தியாகலிங்கம் மரத்தை விரித்து வாசிக்கத் தொடங்கினார்.

"பெடியன் டேனியல், வாத்தி. தகப்பன் கிரகம், பிளம்பர்."

"அது இந்தக் காலத்து வேலை, அதை விடு. மேல போ."

"ரொன். பஸ் டிரைவர். அவற்ற தகப்பன் அல்பேர்ட், அவர்தான் முதல் இஞ்ச வந்தது. இறைச்சி ஆலையில மாடு அடிச்சவர்."

தொலைபேசி கொஞ்சம் யோசித்தது. "ம். அதுக்கு மேல?"

"வில்லியம். சவரக்கடை."

"என்ன கடை?"

"மயிர் வெட்டுற கடை அண்ணை."

உஷா, சுகந்தினிக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவர், கேத்தலைக் கீழே வைத்துவிட்டார்.

"தாய் ஹன்னா. ஊராரின்ர உடுப்புத் தோய்ச்சவ. வில்லியத்துக்குத் தகப்பன் பேர் இல்லை."

"செத்திட்டானோ?"

"இல்லை அண்ணை, பேரே இல்லை."

"அட கடவுளே. இதோட காணுமோ, இன்னும் இருக்கோ?"

"ஹன்னாவின்ர தகப்பன் ஜோப்." தியாகலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். "தங்கச்சி, உது என்ன வேலை?"

"இராவில வண்டி கொண்டுபோய் கக்கூஸ் அள்ளினவர்," என்றார் சுகந்தினி.

டொராண்டோவிலிருந்து, மிகச் சாதாரணமாக, ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிற குரலில், அந்தக் கேள்வி வந்தது:

"அப்ப, எங்கட ஊரில எண்டால் உவை என்ன ஆக்கள்?"

சகோதரர்கள் இருவரும் அதை நிதானமாக ஆராய்ந்தார்கள். ஆராய்ந்தார்கள் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். ஒருவர் தகப்பன் வழியைத்தான் எடுக்க வேண்டும் என்றார். மற்றவர், தகப்பனே இல்லாத இடத்தில் தாய் வழிக்குத்தான் போக வேண்டும் என்று திருத்தினார். ஐந்து சாதிப் பெயர்கள் அந்த மேசையில் விழுந்தன, எது எதற்குக் கீழே என்ற வாதத்தோடு. அந்தச் சொற்களை இங்கே எழுதப் போவதில்லை. அவை விழுந்த தொனி தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தெரியாமலே இருக்கட்டும்.

"அண்ணை, வெள்ளைக்காரருக்கு உது இல்லை," என்றார் சுகந்தினி.

"இல்லையெண்டு ஆர் சொன்னது?" என்றது தொலைபேசி. "தொழில் இருக்கெல்லோ? தொழில் இருந்தால் எல்லாம் இருக்கு."

சுகந்தினி மரத்தை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு உஷா கூப்பிட்டார், "ஒண்டும் மனசில வைச்சிருக்காதையும் சுகந்தி, சாப்பிட வாரும்," என்று. லோஜனாவையும் டேனியலையும் பார்க்கலாம் என்று சுகந்தினி போனார். சாப்பாட்டுக்கு எல்லோருக்கும் பேப்பர் பிளேட். அதில் வித்தியாசம் தெரியவில்லை. தேத்தண்ணி வந்தபோது தெரிந்தது. வீட்டாருக்கும் சுகந்தினிக்கும் பீங்கான் கப். டேனியலுக்குக் காகிதக் கப். டேனியல் நன்றி சொல்லி வாங்கி, கறியின் உறைப்புக்கு மேல் சூடான தேத்தண்ணியைக் குடித்துக் கண் கலங்கி, கறியின் செய்முறையைக் கேட்டுக்கொள்ளும்படி தன் அம்மாவிடம் சொல்லப் போவதாகச் சொல்லிச் சிரித்தான். இருபத்தைந்து பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற வாத்தியாருக்கு, தன் கையில் கொடுக்கப்பட்டது என்ன என்று தெரியவில்லை.

சுகந்தினி குசினிக்குள் போனார்.

"உஷாக்கா, கப் முடிஞ்சுதோ?"

"கழுவுற வேலை மிச்சம் எண்டுதான்."

"ஒரு ஆளுக்கு மட்டுமோ?"

உஷா திரும்பிப் பார்க்கவில்லை. "நீர்தானே கண்டுபிடிச்சுத் தந்தனீர்," என்றார்.

கார் வரை வழியனுப்ப வந்த தியாகலிங்கம் சுற்றிவளைக்கவில்லை.

"இந்தக் கலியாணம் நடக்கக் கூடாது தங்கச்சி. ஆனா இஞ்ச பிறந்த பிள்ளைக்கு சாதி எண்டு சொல்லேலாது. சிரிக்கும், இல்லாட்டி சண்டைக்கு வரும். பரம்பரை வருத்தம் எண்டால் விளங்கும். பிசியோ படிச்ச பிள்ளை. அந்த ஹன்னா விசர் ஆசுப்பத்திரியில கிடந்து செத்தவ எண்டு ஒரு வசனம் சொல்லிவிடும். நீர் சொன்னால் லோஜி நம்புவாள்."

"அண்ணை, அவ நல்ல சுகமா இருந்து, எழுபது வயசுக்கு மேல செத்த மனுசி."

"செத்த மனுசி எழும்பி வந்து மறுக்கப் போறாவே?"

"என்னால ஏலாது."

தியாகலிங்கம் காரின் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "உம்மட அம்மாட பக்கத்தைப் பற்றி இவ்வளவு காலமும் நாங்கள் ஆரும் கதைக்கேல்லை. கோயில்ல மரியாதையாத்தான் வைச்சிருக்கிறம்."

"கதையுங்கோ அண்ணை," என்று சொல்லிவிட்டு சுகந்தினி காரை எடுத்தார். அந்த மனிதரின் கை பட்ட கதவை வீட்டுக்குப் போய்க் கழுவ வேண்டும் போல இருந்ததாம். அப்படித் தோன்றியதும், தன் புத்தியும் அதே சாக்கடையில்தான் ஓடுகிறது என்று தன் மேலேயே குமட்டியதாம்.

தியாகலிங்கம் காத்திருக்கவில்லை. இரண்டு நாளில் லோஜனா, வேலை உடுப்போடு, சுகந்தினி வீட்டு வாசலில் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. ஆங்கிலத்தில்தான் பேசினாள்.

"ஆன்ட்டி, அப்பா சொன்னார். டேனியல் குடும்பத்தில் பரம்பரை மனநோய் இருக்கிறது, நீங்கள் கண்டுபிடித்தீர்களாம், என்னிடம் சொல்லப் பயப்படுகிறீர்களாம். உண்மையைச் சொல்லுங்கள். நாங்கள் பிள்ளை பெறலாமா?"

சொல்ல மறுத்த பொய்யை அவர் பெயரிலேயே சொல்லி முடித்திருந்தார்கள்.

"கொஞ்சம் பொறு பிள்ளை," என்றார் சுகந்தினி. "விசரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உன்ர அப்பா என்னைச் சொல்லச் சொன்ன பொய் அது."

"ஏன்?"

இந்த ஏனுக்குப் பதில் சொல்வது, இத்தனை வருட வம்சாவளித் தேடலில் தான் செய்த ஆக அசிங்கமான வேலை என்கிறார் சுகந்தினி. பிறந்ததிலிருந்து வீட்டில் சாதி என்ற சொல்லையே கேள்விப்படாமல், கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் அரங்கேற்றத்துக்கும் ஒழுங்காகப் போய்வந்த ஒரு பெண்ணுக்கு, அதையெல்லாம் கட்டி நடத்தியவர்கள் மனதுக்குள் எந்நேரமும் ஒரு தராசோடு நின்றார்கள் என்று விளக்க வேண்டியிருந்தது. யாருக்கு எந்தக் கிணறு, யாருக்கு எந்தக் கோப்பை, யார் எந்த வாசலோடு நிற்க வேண்டும்.

கோப்பை என்ற இடத்தில் லோஜனா நிமிர்ந்தாள். "அந்த பேப்பர் கப்?"

"ஓம்."

அவள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். "நீங்களுமா ஆன்ட்டி? உங்களுக்கும் எல்லோரையும் பற்றி இப்படித் தெரியுமா?"

"தெரியும். உன்ர அப்பாவை முதல்முறை சந்திச்ச அண்டைக்கே கேள்வி கேட்டுத் தெரிஞ்சு வைச்சனான். அவரும் என்னைக் கேட்டவர்."

லோஜனா அவரைப் பார்த்த பார்வையில் நன்றி இருக்கவில்லை. சுகந்தினி எதிர்பார்க்கவும் இல்லை.

அன்றே அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு மாசிக்கு, டேனியல் வீட்டுக்குப் போனாள். டேனியலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டேனியல் நம்ப மறுத்தானாம். உன் அம்மாவுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை என்றல்லவா நினைத்தேன், அந்தக் கப்பை மறுசுழற்சித் தொட்டியில்கூடப் போட்டேனே என்றானாம். ஷெரில் சுகந்தினியை அழைத்து ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "என் மேசையில் உட்கார்ந்து குடும்பக் கதை கேட்டீர்கள். நான் ஹன்னாவையும் சந்தோசமாகச் சொன்னேன்." பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். சுகந்தினி மன்னிப்புக் கேட்டு அனுப்பிய செய்தி பார்க்கப்பட்டது. பதில் வரவில்லை.

கதை பரவியது. இத்தனைக்கும் பிறகு யாராவது வெட்கப்பட்டிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். சுகந்தினியின் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. தங்கள் பிள்ளைகள் கூட்டிக்கொண்டு வருகிறவர்களைப் "பார்த்துத் தர" முடியுமா என்று விசாரித்தார்கள். எங்கள் ஆட்கள் மட்டுமா? தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், கோதண்டராமன், ஐ.டி. மேலாளர், முன்பின் தெரியாதவர்.

"மேடம், நாங்க அதெல்லாம் பாக்குற ஃபேமிலி இல்ல. பொண்ணு ஒரு நியூசிலாந்து பையனை விரும்புது. சும்மா, பின்னணி தெரிஞ்சுக்கலாமேன்னுதான்."

"என்ன தெரியோணும்?"

"பெருசா ஒண்ணுமில்லைங்க. தாத்தா, முப்பாட்டன் என்ன தொழில் பண்ணாங்கன்னு மட்டும்."

"நீங்கள் பாக்கிறேல்லைத்தானே? அப்ப பாக்காதேங்கோ," என்று துண்டித்துவிட்டார். இப்போது தமிழ்ப் பெயரில் அழைப்பு வந்தால் எடுப்பதில்லை.

கலியாணம் தை மாதத்துச் சனிக்கிழமை, லிட்டில்வுட் வீட்டின் பின்முற்றத்தில், கூடாரம் போட்டு நடந்தது. லோஜனா கூப்பிட்டதால் சுகந்தினி போனார். ஷெரில் வணக்கம் சொன்னார், அவ்வளவுதான். தியாகலிங்கமும் உஷாவும் வந்தார்கள். மனம் மாறி வரவில்லை. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஆக்கள் கதைப்பார்கள் என்பதற்காக வந்தார்கள். பட்டுச் சேலை, கோட்டு. படத்துக்கு நின்றார்கள். டேனியலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு கணம் எல்லாம் கழுவப்பட்டுவிட்டது போலத்தான் இருந்தது என்றார் சுகந்தினி.

பிறகு சாப்பாடு வந்தது. கிரகம், பிளம்பர், பெரிய கைகள், அன்றைக்கென்று இறுக்கிக் கட்டிய டை, சம்பந்திகளுக்குத் தானே இரண்டு தட்டு எடுத்துக்கொண்டு வந்தார். அவர்களுக்காகவே மரக்கறிச் சாப்பாடு ஓடர் பண்ணியிருந்தார்.

தியாகலிங்கம் இரண்டு கைகளையும் கூப்பினார். இன்றைக்கு விரதம் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். எங்கள் மதத்தில் இப்படி என்றார்.

காகிதக் கப்பின் கதையைக் கிரகமிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் பதறிப்போய்த் தங்களுக்குத் தெரியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டார். பழம் சாப்பிடலாமா என்று கேட்டு, வீட்டுக்குள் ஓடிப்போய், கழுவி நறுக்கிய பழங்களைத் தங்களிடமிருந்த நல்ல தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். உஷா அதற்கும் தலையாட்டினார். தண்ணீர்? தண்ணீர் ஓம். ஆனால் கண்ணாடிக் கிளாஸைத் தாண்டி, திறக்காத போத்தலை எடுத்துக்கொண்டார்.

"தை மாசத்தில என்ன சனி விரதம் அக்கா?" என்று சுகந்தினி மெதுவாகக் கேட்டார்.

"உமக்கெங்க உதெல்லாம் விளங்கப்போகுது," என்றார் உஷா, அதைவிட மெதுவாக.

லோஜனா இரண்டு அடி தள்ளி நின்றாள். பழத்தட்டோடு இன்னமும் நிற்கிற மாமனாரைப் பார்த்தாள். மூடி உடையாத போத்தலைப் பார்த்தாள். கிரகமின் கையிலிருந்து தட்டை வாங்கி மேசையில் வைத்தாள். பெற்றோர் பக்கம் திரும்பியபோது அவள் முகத்தில் சிரிப்புக் குறையவில்லை. சுற்றி நின்ற வெள்ளைக்காரர்களுக்கு ஒரு மகள் பெற்றோரிடம் ஏதோ அன்பாகச் சொல்வது போலத்தான் தெரிந்திருக்கும். அவளுக்குச் சரளமாக வராத தமிழை, அந்த வெள்ளைக்காரர்களுக்கு விளங்கக் கூடாது என்பதற்காகவே, சொல் சொல்லாகப் பொறுக்கி எடுத்தாள்.

"அம்மா, அப்பா. வீட்டை போங்கோ. இப்ப."

"பிள்ளை, கேக் வெட்டேல்லை, ஆக்கள் என்ன நினைப்பினம்..."

"போங்கோ."

அவர்கள் போனார்கள். கிரகம் வாசல் வரை கூடவே போய், விரதம் நல்லபடி முடிய வாழ்த்தி, கார் திரும்பும் வரை கையசைத்துக்கொண்டு நின்றார். லோஜனா கூடாரத்துக்குள் வந்து ஷெரிலின் பக்கத்தில் உட்கார்ந்து, ஷெரிலின் கிளாஸிலிருந்தே தண்ணீர் குடித்தாள்.